தேடி வருபவருக்கு விவரம் சொல்லும் தலைப்பு

தேடுபொறியை மனத்தில் வைத்துத் தலைப்பு எழுதினால் தமிழின் அழகு கெட்டுவிடும் என்று சிங்கப்பூரில் எழுதும் நண்பர்கள் பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஏற்க என்னால் முடியவில்லை.

அச்சு இதழில் தலைப்பு தனியாக நிற்பதில்லை. பக்கத்தின் மேலே தேதி இருக்கும், தலைப்பை ஒட்டிப் படம் இருக்கும். காவடிப் படத்தின் மேல் ‘பக்திப் பரவசம்’ என்று இரண்டு சொல் போட்டாலே எல்லாம் விளங்கிவிடும். அதே இரண்டு சொற்கள் கூகுள் பட்டியலில் வரும்போது எந்த ஊர், எந்த விழா, எந்த ஆண்டு என்று தெரியாமல் வாசகர் கடந்து போய்விடுகிறார். ‘நாளை சாலை மூடல்’ என்பது இன்னும் கேடு. அடுத்த தைப்பூசத்துக்குத் தேடுபவரின் கண்ணிலும் அது படலாம். அவருக்கு அந்த ‘நாளை’ எந்த நாள்? ‘தைப்பூசம் 2026: சிராங்கூன் சாலையில் போக்குவரத்து மாற்றம்’ என்று எழுதுவது இயந்திரத்துக்குப் பணிவதாகாது. சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்தோடு நடக்கப்போகும் தாய்க்கும், அன்று காரில் அவ்வழியே போக வேண்டியவருக்கும் வேண்டிய விவரம் அதில் இருக்கிறது.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தலைப்பு இவ்வளவு நீளம்தான் இருக்க வேண்டும் என்று கூகுள் சொல்வதில்லை. ஆனால் திரையின் அகலத்துக்கு மிஞ்சியதை வெட்டிவிடுகிறது. நாமோ ‘கனமழை காரணமாக அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நடைபெறவிருந்த பொங்கல் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று வினையைக் கடைசியில் வைத்து எழுதுகிறோம். கைப்பேசியில் பார்ப்பவருக்கு மழையும் பொங்கலும் தெரியும், ஒத்திவைத்தது மட்டும் தெரியாது. ‘பொங்கல் நிகழ்ச்சி ஒத்திவைப்பு’ என்று தொடங்கிவிட்டு, காரணத்தைப் பின்னால் சொல்லலாம்.

அழகுக்கும் இடம் இருக்கிறது. தேடல் முடிவில் காட்டுவதற்கென டைட்டில் டேக்கில், அதாவது பக்கத்தின் நிரலில் தலைப்புக்கென உள்ள இடத்தில், எழுதுவது ஒன்று, பக்கத்தைத் திறந்ததும் பெரிய எழுத்தில் தெரிவது மற்றொன்று. இரண்டும் ஒரே வரியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனினும், தான் பொருத்தமற்றதாகக் கருதும் டைட்டில் டேக்கை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள தலைப்பையே கூகுள் எடுத்துக்காட்டுவதும் உண்டு. 2021 ஆகஸ்டில் அதற்கான முறையை அது மாற்றி அறிவித்தது. ஆதலால் கவித்துவமான தலைப்பிலும் பொருளின் பெயர் ஒன்றாவது இருக்கட்டும்.

‘சிங்கப்பூர் தமிழ் வகுப்பு, தமிழ் வகுப்பு சிங்கப்பூர், சிறந்த தமிழ் வகுப்பு’ என்று ஒரே சொற்களை அடுக்குவதை நான் ஆதரிக்கவில்லை. கூகுளே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதைவிட என்னைக் கோபப்படுத்துவது, மத்திய சேம நிதி பற்றிய செய்திக்கு ‘இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் வருந்துவீர்கள்’ என்று தலைப்பு வைப்பது. ஓய்வுக்காலச் சேமிப்பை எண்ணிக் கவலைப்படும் முதியவரை அச்சுறுத்திச் சொடுக்கவைப்பது எழுத்துப்பணி ஆகாது.

நம் சங்கங்களும் கோயில்களும் நடத்தும் தளங்கள் சிலவற்றில் எல்லாப் பக்கங்களுக்கும் ‘அறிவிப்பு’ என்ற ஒரே தலைப்புதான் இருக்கிறது. அவற்றைப் பராமரிக்கும் தொண்டூழியர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்த அறிவிப்பை ஏற்றும்போது நிகழ்ச்சியின் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் தலைப்பில் எழுதுங்கள், சுவரொட்டிப் படத்துக்குள் மட்டும் அவற்றை அடைத்துவிடாதீர்கள்.