அறியாமை இல்லை, பயம்

வளரும் நாடுகளில் 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் ஆண்டுக்கு சுமார் 2.1 கோடி கர்ப்பங்கள், அதில் பாதி விரும்பாதவை என்கிறது பதின்ம வயதுக் கர்ப்பம் பற்றிய உங்கள் கட்டுரை. சரி. ஆனால் காரணம் அறியாமை என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்காடு மலையில் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். அக்கா குழந்தைக்குச் சத்துமாவு வாங்க ஒரு பெண் வருவாள். பதினாறு வயது. துப்பட்டாவை இரண்டாக மடித்து வயிற்றை மறைத்திருப்பாள். அவள் அம்மாவுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் வயது கேட்பார்கள், போலீசுக்குச் சொல்வார்கள், கட்டிக்கொடுத்த பையனைப் பிடித்துப் போவார்கள் என்ற பயம்தான். ஏழாம் மாதத்தில்தான் சேலத்துக்கு இறங்கினாள், 20 கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டே. ரத்தம் 7 கிராம்தான் இருந்தது. பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

குழந்தைத் திருமணத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு நானே போன் செய்திருக்கிறேன். ஆனால் கர்ப்பிணி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம். அதே சமயம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயர், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழியும் இருக்கிறது. இதை எங்கள் மலைக்கு யார் வந்து சொன்னார்கள்? கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.