தப்பியதா, தாங்கிப் பிடித்ததா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பிரஷ் பார்க் என்ற பகுதியில் இடிக்கப்படாமல் நிற்கும் பழைய மாளிகைகள் அதிர்ஷ்டத்தால் தப்பின என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவற்றில் ஒன்றான, 1870-களில் கட்டிய ரான்சம் கில்லிஸ் வீடு 1960-களிலிருந்து ஆளில்லாமல் கிடந்தது. அந்த ஊர்க் குளிரில் செங்கல் இடுக்கில் இறங்கும் தண்ணீர் உறைந்து விரியும். சுவர் தானாகவே பிளக்கும், இடிக்க ஆள் வேண்டாம். நகர நிர்வாகம் இடையில் செலவழித்து அதை விழாமல் நிறுத்தியதால்தான் 2015-இல் புதுப்பிக்க ஏதோ மிஞ்சியது. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த நகர மக்கள்தொகை 2010-இல் ஏழு லட்சம் சொச்சம். சரி, இத்தனை வீட்டையும் யார் பார்த்துக்கொள்வது? இப்போது சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. அங்கே வாடகை என்ன, பழைய குடிகள் திரும்ப முடியுமா என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.