கவசத்தைவிட கார்டைட்தான் காரணம்
முதல் உலகப் போரில், 1916 மே 31 அன்று பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாந்து கடற்போரில் மூன்று பிரிட்டிஷ் பேட்டில் குரூசர்கள் (பெரிய பீரங்கிகள் கொண்ட வேகமான போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறியதற்கு மெல்லிய கவசம்தான் காரணம் என்று இந்தக் கட்டுரை முடித்துவிடுகிறது. அது பாதிக் கதைதான். அந்த மூன்றில் ஒன்றான குயின் மேரிக்குப் பக்கவாட்டில் 9 அங்குலக் கவசம் இருந்தது, அதுவும் தப்பவில்லையே? பெரிய ஆபத்து கப்பலுக்குள்ளேயே இருந்தது. வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காக வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். பட்டுப் பைகளில் கட்டிய கார்டைட்டை, அதாவது பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்தை, வெளியே எடுத்துக் குவித்தார்கள். பீரங்கி மேடையில் ஒரு குண்டு துளைத்தால் போதும், தீ நேராகக் கீழே வெடிமருந்து அறைக்கு இறங்கிவிடும். ஜெர்மனியின் செய்ட்லிட்ஸ் கப்பலுக்கும் 1915 ஜனவரியில் டாகர் பேங்க் கடற்போரில் இதேதான் நடந்தது. பின்பக்க மேடைகள் இரண்டும் எரிந்து சுமார் 160 பேர் இறந்தார்கள். ஆனால் ஜெர்மானியர்களின் முக்கிய வெடிமருந்து பித்தளை உறைக்குள் இருந்தது, கப்பல் வெடிக்கவில்லை. அப்புறம் அவர்கள் பாதுகாப்பை இன்னும் இறுக்கினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் லயன் கப்பல் ஜட்லாந்தில் பிழைத்ததற்கு, சாகும் தறுவாயில் வெடிமருந்து அறையில் நீரை நிரப்பச் சொன்ன மேஜர் ஹார்வியும், அதற்கு முன்பே அந்தக் கப்பலில் கார்டைட்டைக் கையாள்வதில் கட்டுப்பாடு கொண்டுவந்த அலெக்சாண்டர் கிராண்டும் காரணம். இந்த இரண்டு பெயர்களும் கட்டுரையில் இல்லாதது பெரிய குறை. மேலே ஒரு நண்பர் ஜெர்மன் பீரங்கிகள் பெரியவை என்று எழுதியிருக்கிறார். இல்லை, வெடித்த மூன்றில் ஒன்றான இண்டிஃபேட்டிகபிளை மூழ்கடித்த ஜெர்மன் கப்பல் ஃபான் டெர் டானிடம் இருந்தவை 11 அங்குலப் பீரங்கிகள். மூழ்கிய கப்பலிடம் இருந்தவைதான் 12 அங்குலம்.