பனிவெளியில் முதலில் குறைக்க வேண்டியது காற்று

குளிர்காலம் தொடங்கிவிட்டால் போதும், பனியில் வயிறு தட்டி நிற்கும் ஜீப்புகளின் காணொளிகள் வரிசை கட்டி வரும். சக்கரங்கள் நான்கும் வெறுமனே சுழன்றுகொண்டிருக்க, சுற்றி நிற்பவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: இன்னும் பெரிய டயர் போட்டிருக்க வேண்டும், இன்னும் முரட்டுப் பட்டன் (டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டி) வைத்த டயராகப் போட்டிருக்க வேண்டும். இந்த யோசனையை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் பணம் செலவழிக்க வேண்டிய வரிசையே இதில் தலைகீழாகிவிடுகிறது. டயரின் காற்றை அளக்க நம்பகமான கேஜ் ஒன்றும், வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்றும், பனி வார ஒரு ஷவலும் கையில் இல்லாமல் டயர் கடைக்குள் நுழைகிறவர், தன் வண்டி பனியில் ஏன் நின்றுபோகிறது என்பதை இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

பனி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, டயருக்கு அடியில் வருவது எல்லா நாளும் ஒரே பொருளாக இருப்பதில்லை. புதிதாக விழுந்த பொடிப்பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ அளவில் இருக்கும்; காற்று அடித்து அடித்து இறுக்கிய பனி 300, 400 கிலோ வரை போகும்; முழுப் பனிக்கட்டியோ 917 கிலோ. முதலாவது வண்டியின் எடையைத் தாங்காது. இரண்டாவது சில நேரம் தாங்கும், சில நேரம் தாங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு நடுவில் உடையும். மூன்றாவது எந்த எடையையும் தாங்கும், ஆனால் பிடிப்பென்று எதையும் எளிதில் தராது. இதன்மேல் வெப்பநிலையின் கணக்கு வேறு இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் கிடக்கும் பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி மேலே மெல்லிய நீர்ப்படலம் பூத்திருக்கும் பனிக்கட்டி மிக மோசமாக வழுக்கும். குளிர் கூடக்கூடப் பாதை மோசமாகும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் வெயில் ஏறிய நண்பகலும், பகலில் உருகியது மறுபடி உறையத் தொடங்கும் மாலையுமே நான் அதிகம் அஞ்சும் நேரங்கள்.

அடுத்து டயரைப் பற்றி. பனியில் பிடிப்பைத் தருவது ரப்பர் மட்டுமன்று. பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பனி அடைந்து இறுகுகிறது, அப்படி இறுகிய பனி தரையிலுள்ள பனியைப் பற்றுகிறது. கையில் உருண்டை பிடிக்கும்போது பனி பனியோடு ஒட்டிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். ஆகவே பனிக்கான டயர் தன் பள்ளங்களில் ஓரளவு பனியை வைத்துக்கொள்ள வேண்டும். சேற்றுக்கான டயரின் வேலை இதற்கு நேர் எதிரானது. அடைந்த சேற்றை உடனே வீசி எறிவதற்காகவே அதன் பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளிகள் அகலமாகவும் வடிவமைக்கப்படுகின்றன. ஆழமான, ஈரமான பனியில் அந்த வடிவம் உதவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மற்ற வண்டிகள் ஓடி இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும், மெல்லிய வெட்டுகள் ஏதுமில்லாத அந்த மொழுமொழுப் பட்டன்கள் பற்றுவதற்கு விளிம்புகளே இல்லாமல் தவிக்கும். குளிர்கால டயரின் ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற வெட்டுகள் நெருக்கமாக இருப்பதைப் பார்க்கலாம். எடை விழும்போது அவை விரிந்து நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன. ரப்பரின் கலவையும் வேறு. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும், குளிர்கால ரப்பர் அதற்கு வெகு கீழேயும் இளக்கமாகவே இருக்கும். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பது பனியிலும் பலசாலி என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இன்னும் குறையவில்லை.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய பனியில் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் கூடுதல் பிடிப்பு இருப்பதாகத் தெரிந்தால் மட்டுமே அந்தச் சின்னத்தை இட முடியும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் (M+S) என்ற எழுத்துகளுக்கு அப்படிப்பட்ட சோதனை எதுவும் கட்டாயமில்லை. பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்ளும் குறி அது.

எந்த டயராக இருந்தாலும், பாதையை விட்டுப் பனிக்குள் இறங்கியபின் அது எவ்வளவு வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் காற்றுதான். 2,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று. கணக்குப்படி அந்த டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர், அதாவது விரல்களோடு சேர்த்து ஒரு கையளவைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதே டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் கணக்கு 470 சதுர சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. பக்கச்சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்றாலும், இருந்த டயரை வைத்துக்கொண்டே, ஒரு காசும் செலவழிக்காமல், பனியின்மேல் விழும் அழுத்தத்தைப் பாதிக்கு அருகில் கொண்டுவந்துவிட்டோம். வேறு எந்த உபகரணமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

டயர் இதனால் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அருகில் குனிந்து பார்த்தால் நடப்பது வேறு என்று தெரியும். வால்வைத் திறந்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியேற, பக்கச்சுவரின் கீழ்ப்பகுதி முதலில் சற்றே பிதுங்குகிறது, பிறகு அங்கே மெல்லிய மடிப்பு ஒன்று விழுகிறது. அகலத்தில் கூடுவது மிகச் சிறிதளவே, தரையில் படியும் பகுதி முன்னும் பின்னுமாக நீள்கிறது. அந்த நீளம்தான் நமக்கு வேண்டியது. முன்னே இருக்கும் பனியைச் சுவர்போலத் தள்ளிக்கொண்டு போகாமல், அதன்மேல் சரிவாக ஏறி, அழுத்திப் படியவைத்துக்கொண்டே டயர் உருள்கிறது.

இந்தக் கலையை எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கே வத்னயோகுல் போன்ற பனியாறுகளின்மேல் ஓட்டுகிறவர்கள் 38 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள டயர்களைப் பொருத்தி, பொடிப்பனி ஆழமாக இருக்கும்போது காற்றை 2 முதல் 4 பிஎஸ்ஐ வரை இறக்கிவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு யாரும் தம் சாதாரண டயரில் முயன்று பார்க்க வேண்டாம். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும் என்பதால், விளிம்பைப் பிடித்துவைக்கும் தனி ஏற்பாடுகள் அவர்கள் சக்கரங்களில் இருக்கும். டயர்களும் மென்மையான பக்கச்சுவரோடு தேர்ந்தெடுக்கப்பட்டவை. சாதாரண ரிம்மில் 15 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வதும், சிக்கிக்கொண்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கி, வெளியே வந்ததும் மறுபடி ஏற்றிவிடுவதும் அறிவுள்ள செயல். குறைந்த காற்றில் ஸ்டீயரிங்கை வெடுக்கென ஒடிக்கவும் கூடாது, வேகம் எடுக்கவும் கூடாது. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள் நொறுங்கிவிடும். தார்ச்சாலைக்கு வரும் முன் பழைய அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் காற்றைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்று, வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ தானாகவே குறைந்துவிடும். கதகதப்பான கொட்டகையில் அளந்த எண்ணைப் பனிவெளியில் நம்பக் கூடாது.

பனிக்கு ஒல்லி டயரா அகல டயரா என்ற வாக்குவாதம் முடிந்தபாடில்லை. அடியில் உறுதியான தரை இருந்து மேலே கொஞ்சம் பனி கிடந்தால் ஒல்லி டயர் அதைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். தரையே எட்டாத ஆழமென்றால் மிதப்பதற்கு அகலமும் உயரமும் வேண்டும். இரு தரப்பினரும் வேறு வேறு பனியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவே.

மிச்சமிருப்பது வலது கால். சக்கரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே சுழன்றால் அடியிலுள்ள பனி உருகி, மெருகேறி, உறைந்து பனிக்கட்டியாகிவிடும். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகுமே தவிர வண்டி நகராது. எனவே கிளம்பும்போது முதல் கியரைவிட இரண்டாம் கியர் பல நேரம் நல்லது, ஏனெனில் சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை அடங்கியிருக்கும். எப்படி ஓட்டுகிறோம் என்பதை அறிய, நிறுத்திய இடத்தில் இறங்கி நாம் வந்த தடத்தைப் பார்ப்பதே சிறந்த வழி. பட்டன்களின் பதிவு அச்சில் வார்த்ததுபோல ஓரம் சிதையாமல் இருந்தால் டயர் வழுக்காமல் உருண்டிருக்கிறது. பதிவு இழுபட்டு, பளபளவென்று கண்ணாடிபோல் தெரிந்தால், வண்டி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தாலும் சிக்கப்போகிறது என்று பொருள். காற்றைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான், சிக்கிய பிறகல்ல.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. ஏற்றத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய வண்டி இறக்கத்திலும் அப்படியே நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையை விற்பனையாளர்கள் வளர்த்துவிட்டிருக்கிறார்கள் என்பது என் குறை. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியிலேயே விட்டு இறங்க வேண்டும். குறுக்குச் சரிவில் டிஃபரன்ஷியலை (ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பை) பூட்டிவிட்டால் ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஒருசேர வழுக்கி, வண்டி பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கிச் சரியும். ஆழமான பனியில் வழுக்கல் தடுப்பு மின்னணு அமைப்பு எஞ்சினின் மூச்சைத் திணறடித்து, வண்டியின் ஓட்டத்தைக் கெடுத்துவிடுவதுண்டு. அணைக்கும் பொத்தான் எங்கே என்று முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இறுகிய பனியும் பனிக்கட்டியும் வந்துவிட்டால் காற்றைக் குறைப்பதால் அதிகப் பயனில்லை, அங்கே சங்கிலிதான். ஹாரி வீட் என்ற அமெரிக்கர் 1904-இல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் போடுவதே சிறப்பு. முன்னே மட்டும் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினால் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். காற்று குறைந்த டயரில் சங்கிலி தளர்ந்து பக்கச்சுவரை அறுக்கும் என்பதால் உரிய காற்றோடுதான் மாட்ட வேண்டும். சிறிது தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். சிக்கிய பிறகு, அச்சுவரை பனியில் புதைந்த சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவது எவ்வளவு கொடுமை என்பதை அனுபவித்தவர்கள் அடுத்த முறை ஏற்றத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

எல்லாம் செய்தும் சிக்கினால், முதலில் சைலன்சர் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரோடு உள்ளே உட்கார்ந்திருந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரையே பறித்துவிடும். அடுத்து ஷவல். சக்கரத்துக்கு முன்னால் தோண்டுவதைவிட, வண்டியின் வயிற்றைத் தாங்கி நிற்கும் பனியை வாருவது முக்கியம், ஏனெனில் எடை அதன்மேல் உட்கார்ந்திருக்கும்வரை சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. பிறகு இன்னும் சற்றுக் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி வர முயல வேண்டும். இன்னொரு வண்டியால் இழுப்பது கடைசி வழி. அப்போதும் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பொருத்தப்பட்ட இழுவைக் கொக்கியில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் மாட்டி வெடுக்கென இழுத்தபோது அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள், ஆகவே கயிறு விறைக்கும் நேரத்தில் யாரும் அதன் நேர்க்கோட்டிலோ அருகிலோ நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.