ஏழு மீட்டர் இடைவெளியைப் பற்றி

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால், பக்கத்துக் கட்டடத்தில் பின்னாளில் நீட்டிக் கட்டிய அறையின் சுவர் கை எட்டும் தூரத்தில் நிற்கிறது. வரைபடத்தில் திறந்தவெளியாகக் காட்டப்பட்ட கீழ்ப்பகுதியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. நண்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா காய் நறுக்குகிறார்.

செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் கட்டாமல் விட வேண்டிய இடைவெளி என்றாலே, காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் வீணாகும் பகுதி என்று பலரும் பேசுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. என் சுவரை ஒரு மீட்டர் வெளியே தள்ளினால் எனக்கு ஓர் அறை கிடைக்கும். பக்கத்து வீட்டாருக்கு வெளிச்சமும் காற்றும் போய்விடும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் உயரமான கட்டடமாகிறது. 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் 1 மீட்டர் கூடுதல். 60 மீட்டர் கட்டடத்துக்கு 12 மீட்டர் ஆகிறது. தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கு இந்த இடம் வேண்டும்.

என் கவலை அந்த 18.30 மீட்டர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் கட்டடங்களைப் பற்றியது. ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம்) ஐந்து தளங்களுமாக 18.30 மீட்டருக்குள் அடக்கிவிட்டால் அந்த 7 மீட்டர் கட்டாயமில்லை. இடைவெளி சட்டென்று சுருங்கிவிடுகிறது. ஒரு தளம் குறைவதால் உள்ளே வாழும் குடும்பங்களின் ஆபத்து அவ்வளவு குறைந்துவிடுமா? உயரத்தோடு படிப்படியாகக் கூடும் இடைவெளியே நியாயமானது.

ஒரு கிரவுண்ட் நிலம் மட்டுமே வைத்திருப்பவரின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே நின்றன. வெளிச்சம் நடு முற்றத்தில் இறங்கியது, மழையும் அங்கேயே விழுந்தது. பக்கவாட்டில் இடம் விட முடியாவிட்டால் உள்ளே விடலாம் என்பதை அந்த வீடுகள் காட்டின. இன்று பக்கத்திலும் விடாமல், முற்றத்தையும் மூடிக் கட்டுகிறோம்.

கட்டியபின் வரன்முறைப்படுத்துவது இதைவிடப் பெரிய தவறு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-இ (113-C) பிரிவு, 2007 ஜூலை 1 வரை எழுந்த விதிமீறல்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்களிக்க வழி செய்தது. அரசுக்குக் கட்டணம் போனது. ஜன்னல் அடைபட்ட வீட்டாருக்கு எதுவும் வரவில்லை. பணி நிறைவுச் சான்றுக்காக ஒருமுறை அளப்பது போதாது. சில ஆண்டுகள் கழித்து அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் டேப் பிடிக்க வேண்டும்.

இந்த மாதக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், எங்கள் பக்கத்து இடைவெளியில் நாங்கள் போட்டிருக்கும் தகரக் கொட்டகையை முதலில் பிரிக்கச் சொல்லப்போகிறேன்.