ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு ‘எதிர்ப்பு சக்தி’ லேகியமா?

ஏபிளாஸ்டிக் அனீமியா என்றால், எலும்பு மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உருவாக்காமல் போகும் நோய். “குழந்தைக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா வருவது எதிர்ப்பு சக்தி குறைவதால்தான். பப்பாளி இலைச் சாறும் எதிர்ப்பு சக்தி லேகியமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை தானாக ஊறும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். பிறவிக் கோளாறாக இல்லாமல் இடையில் வரும் இந்த நோயில், பெரும்பாலும் குழந்தையின் டி செல்களே (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள்) மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களைத் தாக்குகின்றன. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் நெருக்கியடித்து இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் தெரியும். வெள்ளையணு குறைவதால் அடிக்கடி காய்ச்சல் வரும். அதைப் பார்த்துத்தான் ‘சக்தி இல்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள். அது நோயின் விளைவு.

அதனால்தான் டாக்டர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தருகிறார்கள்: டி செல்களைக் குறைக்கும் ஏ.டி.ஜி., கூடவே சைக்ளோஸ்போரின். பலன் தெரிய 3 முதல் 6 மாதம்கூட ஆகலாம். நடுவில் பொறுமையிழந்து லேகியத்துக்குத் தாவும் பெற்றோரின் தவிப்பு புரிகிறது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். நோய் கடுமையாக இருந்து, பொருந்தும் உடன்பிறப்பும் இருந்தால் மஜ்ஜை மாற்றுதான் முதல் தேர்வு. அப்புறம் ஒன்று: மாற்றுக்கு முன் சொந்தக் குடும்பத்தாரின் ரத்தத்தை ஏற்றாதீர்கள். பிறகு அவர்களின் மஜ்ஜையை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு கூடும்.

சரி, எல்லாமே டி செல் வேலையா? இல்லை. மஜ்ஜையை இதேபோல் செயலிழக்கச் செய்யும் ஃபான்கோனி அனீமியா மரபணுக் கோளாறு. அதற்கு ஏ.டி.ஜி. உதவாது. அதனால் அதைக் கண்டறியும் குரோமோசோம் உடைவுப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுவார்கள்.