இரண்டாம் செவ்வாய்க்கு ஒரு கூண்டு

அக்கா: சிவப்பு விளக்கு எரியவில்லையே தம்பி. விரலை வைத்து எவ்வளவு நேரம் ஆகிறது?

தம்பி: எடுத்துவிடுங்கள் அக்கா. அதற்கு உயிர் இல்லை.

அக்கா: திங்கட்கிழமை இருந்ததே. என் நாத்தனார் இதே மெஷினில்தானே விரல் வைத்து ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி: நேற்று ராத்திரி கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் மெஷினே இல்லை என்கிறது.

அக்கா: யார் பண்ணியது?

தம்பி: யாரும் பண்ணவில்லை. அதுவாகவே பண்ணிக்கொண்டது.

அக்கா: நீ கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகா?

தம்பி: ஆமாம். கேமராவுக்காகக் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. அந்த நேரத்தில் ஏறிவிட்டது.

அக்கா: பூட்டின கடைக்குள் ராத்திரியில் ஒருத்தன் வந்து, இருந்ததை எல்லாம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நீ என்னவோ மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்துபோன மாதிரி சொல்கிறாய். கேமராதான் ஓடியதே, யார் என்று பார்க்க வேண்டியதுதானே?

தம்பி: கேமராவில் தெரிகிற ஆள் இல்லை அக்கா அது. கோளாறு டிரைவரில் இருக்கிறது. பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புது டிரைவரைப் போட்டுவிட்டது. புது டிரைவருக்கு நம்ம மெஷினைத் தெரியவில்லை.

அக்கா: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன!

தம்பி: இல்லை அக்கா, டிரைவர் என்றால் நீங்கள் நினைக்கிற டிரைவர் இல்லை...

அக்கா: எனக்கா தெரியாது? என் வீட்டுக்காரர் விசைப்படகிலேயே தேய்ந்த மனுசன். குந்துகாலில் ஒரு முதலாளி, பதினாறு வருசம் ஓட்டின டிரைவரை நிறுத்திவிட்டு வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல சட்டை, கையில் ஜிபிஎஸ். அவனுக்குக் கடல் தெரியும், நம்ம கடல் தெரியாது. மூன்றாம் நாள் குருசடைத் தீவுப் பக்கம் கடலடிப் பாறையான பாரில் கொண்டுபோய் ஏற்றிவிட்டான்.

தம்பி: அக்கா, இது ஒரு சின்ன சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் சொல்வதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி சொல்லும், மெஷின் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நடுவில் நிற்கிற ஆள். அவ்வளவுதான்.

அக்கா: முதலாளி சொல்வதை இன்ஜினுக்குச் சொல்கிறவன் யாராம்?

தம்பி: ...ஒருவகையில் அப்படியும் சொல்லலாம்.

(ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த நான் இதற்கு மேல் என் முறை வரும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.)

தம்பி: பொறுங்கள், டிவைஸ் மேனேஜரைப் பார்க்கிறேன். ம்... இதோ மஞ்சள் முக்கோணம். பத்தாம் நம்பர் கோளாறு. இந்தக் கருவியைத் தொடங்க முடியவில்லை என்கிறது.

அக்கா: அது எனக்கே தெரியுமே. அதைச் சொல்வதற்கு ஒரு மேனேஜரா?

தம்பி: ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால்...

அக்கா: பழைய டிரைவர் திரும்ப வந்துவிடுவார்.

தம்பி: ஆமாம். ஆனால் பட்டன் மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியாது. பழையதை மிச்சம் வைக்கவில்லை போல.

அக்கா: கணக்கு முடித்து அனுப்பிவிட்டான். முதலாளிகள் எல்லாம் ஒன்றுதான்.

தம்பி: கேபிளை மாற்றிப் பார்ப்போம். முன்பக்க ஓட்டை இந்த உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடக்கிறது, பின்பக்கம் நேராகச் செருகுகிறேன். இதோ, சத்தம் வந்துவிட்டது.

அக்கா: நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?

தம்பி: கெட்டதுதான். யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு. அடையாளம் தெரியவில்லையாம்.

அக்கா: யாரை, என்னையா?

தம்பி: உங்களை இல்லை அக்கா, மெஷினை.

அக்கா: பக்கத்திலேயே வருசக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற மெஷினையே தெரியவில்லையா? அப்புறம் அது வழியாக என்னை எங்கே தெரிந்துகொள்ளப் போகிறது!

தம்பி: ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம். ஐயோ. மிச்ச அப்டேட்டையும் இப்போதே ஏற்ற ஆரம்பித்துவிட்டது. முப்பது சதவீதம். அணைக்க வேண்டாம் என்கிறது.

அக்கா: நான் உட்காரட்டுமா, நாளைக்கு வரட்டுமா?

தம்பி: உட்காருங்கள். இது நம்ம கடையில் மட்டும் நடக்கிறதில்லை அக்கா, உலகம் முழுக்க உண்டு. 2025 ஜனவரி கடைசியில் விண்டோஸுக்கு ஒரு அப்டேட் வந்தது. அது ஏறிய கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பியில் மாட்டியிருந்த சில வகைப் பிரிண்டர்கள் யாரும் கேட்காமலே அச்சடிக்க ஆரம்பித்துவிட்டன. ஒரே கிறுக்கல். தாளின் தலையில் போஸ்ட், ஸ்லாஷ், ஐபிபி, ஸ்லாஷ், பிரிண்ட் என்று இருக்கும்.

அக்கா: தபாலாபீஸா?

தம்பி: அந்த போஸ்ட் இல்லை. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கட்டளை அது. பிரிண்டர் அதையும் அச்சடிக்கக் கொடுத்தது என்று நினைத்து அடித்துத் தள்ளிவிட்டது.

அக்கா: புருசன் பெண்டாட்டி பேச்சைக் குழாய் ஸ்பீக்கரில் போட்ட மாதிரி. எத்தனை நாளில் சரி பண்ணினார்கள்?

தம்பி: மார்ச் கடைசியில் வந்த அப்டேட்டில்தான் அது தீர்ந்தது.

அக்கா: கிட்டத்தட்ட ரெண்டு மாசம். நம்ம மீன்பிடித் தடைக்காலமே ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள்தான். அதற்கு சர்க்கார் 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. பிரிண்டர்காரர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

தம்பி: இன்னொரு அப்டேட் கொடுத்தார்கள்.

அக்கா: ம்.

தம்பி: அதைவிடப் பெரிய கூத்து அதே வருசம் அக்டோபர் 14 அப்டேட்டில். கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் படுத்துவிட்டால் சரி பண்ணுவதற்கென்றே உள்ளே தனியாக ஒரு திரை உண்டு. அந்தத் திரைக்குப் போனால் யுஎஸ்பி கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுஸும் வேலை செய்யவில்லை. 20ஆம் தேதிதான் மருந்து வந்தது.

அக்கா: என்ன மருந்து?

தம்பி: அதுவும் அப்டேட்தான்.

அக்கா: போட் முழுகினால் ஏறிக்கொள்ள ஒரு தோணியைக் கட்டிவைத்துவிட்டு, அதன் துடுப்பை மட்டும் கழற்றிக்கொண்டு போன கதை. ஏம்ப்பா, இந்த அப்டேட் இல்லாமல் ஓட்டவே முடியாதா? நம்ம பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. 2022 டிசம்பர் வரை அதில் ரயில் போனது. கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறப்பார்கள். எந்த அப்டேட் வந்தது அதற்கு?

தம்பி: துருப்பிடித்துத்தானே அக்கா கடைசியில் நிறுத்தினார்கள்! கம்ப்யூட்டரும் அப்படித்தான். அப்டேட் பண்ணாமல் விட்டால் ஓட்டை விழும், ஓட்டை வழியாகத் திருடன் வருவான். உங்கள் பணம் புழங்குகிற பெட்டி இது.

அக்கா: சரி, அது நியாயம். ஆனால் பாலத்தை நிறுத்தும்போது, இனிமேல் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும், அங்கே இறங்கி பஸ் பிடித்துக்கொள் என்று சொல்லித்தானே நிறுத்தினார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்தை மாற்றிவிட்டு, காலையில் வருகிற ரயிலிடம் உன்னை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லவில்லையே?

தம்பி: ...நூறு சதவீதம்.

அக்கா: நான் சொன்னதா?

தம்பி: இல்லை, அப்டேட். முடிந்துவிட்டது. மெஷின் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. சரி, பழைய டிரைவர் ஒன்று பென் டிரைவில் வைத்திருக்கிறேன், அதை ஏற்றிப் பார்க்கிறேன்.

அக்கா: பார்த்தாயா, கடைசியில் பழைய டிரைவரிடம்தான் வந்து நிற்கிறோம்.

தம்பி: அடச் சே. உள்ளே விட மாட்டேன் என்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு காவல் இருக்கிறது. இந்த டிரைவர் பழசு, இவரை நம்ப முடியாது என்று வாசலிலேயே தடுத்துவிட்டது.

அக்கா: ராத்திரி வந்தவனைக் கதவைத் திறந்து விட்ட காவல்காரன், பட்டப்பகலில் தெரிந்த ஆளைத் தடுக்கிறானா?

தம்பி: அந்தக் காவலை அணைத்துவிட்டால் ஏறிவிடும். அணைக்க மாட்டேன் அக்கா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஊரே என்னிடம்தான் வந்து நிற்கும். மெஷின் கம்பெனியின் தளத்தில் புதுசு போட்டிருக்கிறானா பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் அப்டேட்காரனை மட்டும் திட்டியும் பிரயோஜனமில்லை. மெஷின் கம்பெனிக்காரனும் பழைய மெஷினுக்கு ஏற்ற டிரைவரைக் காலத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இவன் அவனைச் சொல்வான், அவன் இவனைச் சொல்வான்.

அக்கா: நடுவில் நான்.

தம்பி: நடுவில் நாம் என்று சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு எனக்குக் கிடைக்கிற கமிஷன் ஒரு டீக்குக்கூடக் காணாது. நீங்கள் பேங்குக்கே போய் ஸ்லிப் எழுதிக் கொடுத்து எடுத்திருக்கலாமே?

அக்கா: போகாமலா இருப்பேன்? ரெண்டாயிரத்துக்கெல்லாம் எதற்கம்மா இங்கே வருகிறாய், வெளியே கடையில் விரல் வைத்து எடுத்துக்கொள் என்கிறார்கள். இருப்பது என் பணம், அதில் எவ்வளவு எடுத்தால் அவர்களுக்கு மரியாதை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டும். நகைக்கு வட்டி கட்டப் போனால் மட்டும் நாற்காலி போடுகிறார்கள்.

(தம்பி இதற்குப் பதில் சொல்லவில்லை. கீபோர்டைச் சத்தமாகத் தட்டினான். அவன் கடையே அந்தப் பேங்க் அனுப்புகிற ஆட்களை நம்பித்தான் ஓடுகிறது.)

தம்பி: கிடைத்துவிட்டது! புது டிரைவர். இதோடு ஆர்டி சர்வீஸ் என்று ஒன்றையும் புதுசாகப் போட வேண்டும். விரல் ரேகையைப் பூட்டுப் போட்டு அனுப்புவது அதன் வேலை.

அக்கா: டிரைவரோடு கிளீனரும் வருகிறானா?

தம்பி: கிளீனர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதோ பாருங்கள், சிவப்பு விளக்கு!

அக்கா: அப்பாடா. உன் டிரைவர் நல்லா இருக்கட்டும். எந்த விரல்?

தம்பி: வலது கட்டைவிரல். அழுத்தாதீர்கள், சும்மா வையுங்கள். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வையுங்கள். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரலை வையுங்கள். கொஞ்சம் ஈரம் பண்ணிப் பாருங்கள். அக்கா, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. உங்களை அடையாளம் தெரியவில்லையாம்.

அக்கா: பாசி எடுக்கிற கை அப்படித்தான் இருக்கும். மரிக்கொழுந்துப் பாசி பாரோடு ஒட்டிக்கொண்டு வளரும், தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிய்த்து எடுக்க வேண்டும். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறோம், துணியும் கிழியும், விரலும் கிழியும். என் ரேகை அந்தப் பாரில்தான் கிடக்கிறது, வேண்டுமானால் மெஷினை அங்கே கொண்டுபோய் வை.

தம்பி: கண்ணைக் காட்டி எடுக்கிற மெஷினும் உண்டு. என்னிடம் இல்லை. கையை இன்னொரு தடவை நன்றாகத் துடைத்துக்கொண்டு...

அக்கா: இரு தம்பி. காலையிலிருந்து உன் மெஷினைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்காக ஓட்டையை மாற்றினாய், மேனேஜரைப் பார்த்தாய், பழைய டிரைவரைக் கூப்பிட்டாய், புது டிரைவரைத் தேடிப் பிடித்துக் கூடவே கிளீனரையும் கொண்டுவந்தாய். மெஷின் மேல் ஒரு குறை சொன்னாயா? என்னை அடையாளம் தெரியவில்லை என்றதும், கையைத் துடை என்கிறாய்.

தம்பி: ...

அக்கா: சொல்.

தம்பி: இடது கையை வையுங்கள் அக்கா. ஒவ்வொரு விரலாகப் பார்ப்போம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

(மோதிர விரலில் விழுந்தது. ரெண்டாயிரம் ரூபாய் வந்தது, நான்கு ஐந்நூறு. அவள் இரண்டு தடவை எண்ணினாள்.)

தம்பி: ரசீது அடிக்கட்டுமா?

அக்கா: வேண்டாம். தபாலாபீஸ் ஸ்லாஷ் என்று ஏதாவது அடித்துவிடும். ஒரு தாளில் கையால் எழுதிக் கொடு. சரி, அடுத்த தடவை எப்போது வருவான்?

தம்பி: யார்?

அக்கா: ராத்திரி வருகிறவன்.

தம்பி: அப்டேட்டா? அதற்கு நாள் கணக்கு உண்டு. மாசத்தில் இரண்டாம் செவ்வாய். அமெரிக்காவில் காலையில் விடுவார்கள், நமக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். புதன்கிழமைதான் விவரம் தெரியும்.

அக்கா: நாள் தெரியுமா உனக்கு? தெரிந்துகொண்டா என்னை இரண்டாம் புதன்கிழமை காலையில் இங்கே உட்கார வைத்தாய்? பாம்பன் துறைமுகத்தில் புயல் வருவதற்கு முன்னால் கூண்டு ஏற்றுகிறார்களே, அது மாதிரி செவ்வாய்க்கிழமையே கடை வாசலில் ஒன்றை ஏற்றிவிட வேண்டியதுதானே? நாங்கள் அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

தம்பி: ஏற்றலாம். எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றுவது?

அக்கா: பதினொன்று.

தம்பி: அவ்வளவு பெரிய புயலா?

அக்கா: பதினொன்று புயலுக்கு இல்லை தம்பி. வானிலை ஆபீசோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனால் ஏற்றுவது.